ஆண்டவர் கடைசியாகப் பார்த்த பக்கம்

புர்கிக்கு வாய் நீளம் என்பது மோர்ஸ்டெட்டனில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வால்புர்கா. அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பங்குச் சாமியார் ஒருவர்தான், அதுவும் திட்டும்போது. சதுக்கத்து மூலையில் இருப்பது அவளுடைய கறிக்கடை. அரைப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். பேசிக்கொண்டே கொக்கியில் மாட்டுவாள், மாட்டிவிட்டு வெட்டுவாள், வெட்டியதைத் தராசில் போட்டுவிட்டு, "கொஞ்சம் கூடப் போயிடுச்சு, இருக்கட்டுமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்று சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்?

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்லாது. கிடி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெயில் மேட்டில் குடியிருக்கிறவன், அவளுக்கு ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன். அவனைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமென்றால் "அந்த மேட்டு ஆளு" என்பாள். அண்ணன் பெண்டாட்டி தெக்லாவும் சளைத்தவள் இல்லை. ஊருக்குள்ளேயே இருக்கும் கடையை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பக்கத்து ஊர் கிராம்பாக் போய் சாசேஜ் வாங்கிவருவாள். கிராம்பாக் சாசேஜை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் ரோஷம் வந்துவிட்டால் நாக்காவது ருசியாவது!

இத்தனைக்கும் சண்டைக்குக் காரணம் ஆண்டவர். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஈஸ்டரிலிருந்து பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தை, விண்ணேற்றத் திருநாளன்று கயிற்றில் கட்டி, கோயில் கூரையின் நடுவிலிருக்கிற ஓட்டை வழியாக மேலே இழுத்துவிடுவோம். கயிற்றில் தொங்குகிற மரச் சுரூபம் நேரே போகுமா? சுற்றிச் சுற்றித்தான் போகும். ஓட்டைக்குள் மறைகிற நேரத்தில் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குத்தான் அந்த வருஷம் இடியும் ஆலங்கட்டியும். வெயில் மேட்டைப் பார்த்தால் வெயில் மேட்டுக்கு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், புர்கி குடியிருக்கிற நிழல் மேட்டைப் பார்த்தால் நிழல் மேட்டுக்கு. பாடகர் மாடத்தைப் பார்த்துவிட்டால் ஊரே கைதட்டும். ஏனென்றால் அந்தத் திசையில் இருப்பது கிராம்பாக். ஆண்டவர் யாரைப் பார்க்கிறாரோ அந்தப் பக்கத்துக்காரர்கள் அடுத்த சனிக்கிழமை கோயில் தரை முழுவதையும் மண்டிபோட்டுத் தேய்க்க வேண்டும். மற்றவர்கள் வாசலில் பியர்க் கோப்பையோடு நின்று கேலி பண்ணுவார்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று யாரையாவது கேட்டால், "சேச்சே, பிள்ளைங்க விளையாட்டு!" என்பார்கள். சொன்ன கையோடு மரத்துக்கு ஆலங்கட்டி வலை வாங்க ஓடுவார்கள்.

கிடி பரம்பரையாக மேலே கயிறு பிடிக்கிறவன். அவர்கள் அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். அப்பா செத்த வருஷம், அவருடைய ஆப்பிள் பிழியும் யந்திரம் யாருக்கு என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் வாய்த்தகராறு வந்தது. கோபத்தில் கிடி, "பாத்துக்கலாம், இந்த வருஷம் ஆண்டவர் எந்தப் பக்கம் பாக்குறார்னு!" என்று கத்திவிட்டான். எங்கள் ஊரில் கோழிச் சண்டைக்குக்கூட இதைத்தான் சொல்வோம். ஆனால் நேரம் பாருங்கள், அந்த வாரமே ஆண்டவர் கண்ணை நட்டு நிழல் மேட்டைப் பார்த்துக்கொண்டு மேலே போனார். ஜூலையில் புர்கியின் புருஷன் லோய்ஸின் ஆப்பிள் தோட்டத்தில் அடித்தது ஆலங்கட்டியா கருங்கல்லா என்று தெரியவில்லை. ஒரு பிஞ்சு மிஞ்சவில்லை. லோய்ஸ் மரங்களுக்கு நடுவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றான். அவ்வளவுதான், புர்கி கத்தியைத் துடைக்கக்கூட இல்லை, கறிக்கடை ஏப்ரனோடு பாலத்தைத் தாண்டி அண்ணன் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

"திருப்பினது நீதானே? சொல்லு! கூடப் பிறந்தவ வயித்துல அடிக்கணும்னே கயித்தத் திருப்பின!"

"நான் திருப்பல" என்றான் கிடி.

"பின்ன யாரு திருப்பினா, புறாவா?"

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு நின்ற பேச்சு. லோய்ஸ் மரங்களை வெட்டிவிட்டு மர அறுவை ஆலைக்கு வேலைக்குப் போனான். அவன்கூட, "விடு புர்கி, மழைதானே" என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. மழை மேல் எத்தனை நாள் கோபப்பட முடியும்? அண்ணன் மேல் என்றால் ஆயுசுக்கும் படலாம்.

இந்த வருஷத் திருநாளன்று காலையில், புர்கி வெள்ளிப் பொத்தான் வைத்த நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, முடியைப் பின்னிச் சுற்றிக்கொண்டிருந்தாள். கதவு உடைகிற மாதிரி யாரோ தட்டினார்கள். கோயில்பிள்ளை வின்சென்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"கடை லீவு. சாமியாரே வந்தாலும் ஈரல் கிடையாது."

"ஈரல யாரு கேட்டா! உன் கை வேணும், புர்கி. மேல சக்கரம் சுத்துற ரோமெட் ஏணியிலேருந்து விழுந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான். மேல நாலு பேர் இல்லாம வேலை ஆகாது."

"ஊர்ல ஆம்பளைங்களே இல்லையா?"

"பாதிப் பேர் பேண்டு ஊதப் போயிட்டானுங்க. மீதிப் பேர் காலையிலேயே பியர்ல நீந்துறானுங்க. அவனுங்க கையில கயித்தக் குடுத்தா ஆண்டவர் சாமியார் தலையிலதான் இறங்குவார்."

"பொம்பளைங்க மேல ஏறக் கூடாதும்பீங்களே?"

"சாமியாரக் கேட்டேன். எந்தப் புஸ்தகத்துலயும் அப்படி இல்லையாம். இத்தனை வருஷமா யாரும் கேக்கலயாம், அதான் அவரும் சொல்லலயாம்!"

புர்கி சீப்பைக் கீழே வைத்தாள். சின்ன வயதில் ஒரு விண்ணேற்றத் திருநாளில், ஆண்டவர் மேலே போய் என்ன பண்ணுகிறார் என்று பார்க்கக் கோபுரப் படியில் திருட்டுத்தனமாக ஏறி, பாதியில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டு அறை வாங்கியவள் அவள். கிடி மட்டும் பன்னிரண்டு வயதிலேயே அப்பாவோடு மேலே ஏறினான். ஏறிவிட்டு வந்து, "மேல சிறகு வச்ச சம்மனசுங்க எனக்கு கேக் குடுத்துச்சு" என்று அளந்தான். அவளும் நம்பி அழுதாள்.

"அந்த ஆளு இருப்பானா?" என்றாள்.

"அவர் இல்லாம எப்படி?"

லோய்ஸ் காபியை ஆற்றிக்கொண்டே, "போயிட்டு வா. சண்டை மட்டும் போட்றாத. பக்கத்துலயே ஓட்டை இருக்கு, யாராவது ஒருத்தர் விழுந்துடுவீங்க" என்றான்.

அவள் போனது ஆண்டவருக்காக மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக மனசில் அரித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு இன்றைக்கு விடை தெரிந்துவிடும். கயிற்றைத் திருப்ப முடியுமா முடியாதா? முடியுமென்றால் அந்த ஓட்டை வழியாகவே ஊருக்குச் சொல்லிவிடுவாள், கிடி அப்புறம் வெளியில் தலைகாட்ட முடியாது. முடியாதென்றால்? அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சதுக்கம் ஜே ஜே என்று இருந்தது. கிராம்பாக்கிலிருந்து ரெண்டு பஸ் வந்து நின்றது. வருஷா வருஷம் வருவார்கள், தங்கள் தலையில் விழுமா என்று பார்க்க. ஆண்டவர் மறைந்ததும் வருஷா வருஷம் மேலிருந்து கொட்டுகிற கொட்டைகளைப் பிடிக்க, பிள்ளைகள் குடையைத் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டு இப்போதே இடத்துக்குச் சண்டை போட்டார்கள். எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு புர்கி கோபுரக் கதவுக்குள் நுழைந்தாள். கல்படி சுருண்டு சுருண்டு மேலே போனது. குறுகலோ குறுகல், அவளுடைய இடுப்பு ரெண்டு பக்கமும் உரசியது. "இதுக்குத்தான் பொம்பளைங்க கூடாதுன்னாங்களாக்கும், சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று முனகிக்கொண்டே ஏறினாள்.

ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தாள். கீழேயிருந்து பார்த்தால் கொடியும் பூவும் தீட்டி, வானத்துக்கே தாவுகிற அந்த வளைவுக் கூரை, இங்கே சாம்பல் பூசிக் கவிழ்த்த பெரிய பெரிய சட்டிகளாகக் கிடந்தது. அவற்றின் மேல் பலகைப் பாதை. மேலே காடு மாதிரி உத்தரங்கள். புறா எச்சம், தூசி, பழைய மர வாசனை. சின்ன வயதில் அவள் அழுது கேட்ட சொர்க்கம் இதுதான். ஒரு சம்மனசும் இல்லை, ஹியாஸ் என்கிற கொல்லன் மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். அப்படியும் புர்கிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டார்கள்!

இழுவைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடி நின்றான். தலை முழுசாக நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது தொப்பிதான் தெரியும்.

சக்கரம் சுற்ற மூன்று பேர்; அதற்காக வின்சென்ஸும் பின்னாலேயே ஏறி வந்திருந்தான். நாலாவது ஆள் ஓட்டைக்கு மேல் கயிற்றைப் பிடித்து, சுரூபம் விளிம்பில் இடிக்காமல் நடுவாகக் கொண்டுவர வேண்டும். அது கிடியின் இடம். அவன் புர்கியைப் பார்க்காமல் ஹியாஸைப் பார்த்துச் சொன்னான்.

"கயிறு அவ பிடிக்கட்டும்."

"என்னங்க கிடி, புதுசா வந்த ஆள்கிட்டயா? எப்பவும் நீங்கதானே..."

"அவ பிடிக்கட்டும்னேன்."

புர்கிக்கு முகம் சிவந்துபோனது. என்ன திமிர்! முடிந்தால் திருப்பிப் பார் என்கிறானா? பார்க்கிறேன்டா பார்க்கிறேன் என்று கையைத் தேய்த்துக்கொண்டு ஓட்டையருகே மண்டிபோட்டாள். கீழே குனிந்து பார்த்தவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அம்மாடி! ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீள நீள ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சிவப்பும் நீலமுமாகத் தூண்களில் விழுந்தது. அத்தனை முகங்களுக்கும் நடுவில் ஆண்டவர் சிவப்பு அங்கியோடு, கையைத் தூக்கி நின்றார்.

பூசைப் பையன்கள் கொக்கியை மாட்டினார்கள். சாமியார் பாட்டை எடுத்தார், ஊரே சேர்ந்துகொண்டது. வெளியே பேண்டு முழங்கியது. "இழு!" என்றான் கிடி. சக்கரம் கிறீச்சிட்டது. ஆண்டவர் தரையை விட்டுக் கிளம்பினார்.

கிளம்பினாரோ இல்லையோ, சுற்ற ஆரம்பித்தார். வெயில் மேடு, பாடகர் மாடம், நிழல் மேடு, பீடம். ஒவ்வொரு தடவை முகம் திரும்பும்போதும் அந்தப் பக்கத்துக்காரர்கள் "ஐயையோ, வேண்டாம் ஆண்டவரே!" என்று கத்த, எதிர்ப்பக்கத்துக்காரர்கள் "பாரும், நல்லாப் பாரும்!" என்று கூவினார்கள். பாட்டு ஒரு பக்கம், கூச்சல் ஒரு பக்கம். யார் பக்கம் திருப்புவது? மேலே ஏறுகிறவரைக்கும் வெயில் மேட்டுப் பக்கம் என்றுதான் நினைத்திருந்தாள், பழிக்குப் பழி. ஆனால் கீழே அங்கே நிற்கிற பிள்ளைகளைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தொலையட்டும், கிராம்பாக் பக்கம் திருப்பிவிடலாம். அவர்கள் சாசேஜுக்கு ஆலங்கட்டிதான் சரி.

ஆண்டவர் முகம் பாடகர் மாடத்துப் பக்கம் வந்தது. புர்கி கயிற்றை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அரைப் பன்றியை அசங்காமல் பிடிக்கிற கை. கயிறு கையில் ஒரு கணம் நின்றது. அப்புறம் உள்ளுக்குள்ளேயே ஏதோ உயிர் இருக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டு நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் முறுக்கினாள். அது இன்னும் வேகமாகச் சுற்றியது. உள்ளங்கை தீயாய் எரிந்தது. ஆண்டவர் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நிழல் மேடு, பீடம், வெயில் மேடு... அங்கே வந்ததும் மெதுவாக நின்றார். தலை ஓட்டைக்குள் வந்தது. புர்கிக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில், ஆண்டவரின் சாயம் போன பின்னந்தலை. முகமோ நேராக வெயில் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே கோயில் அதிர்ந்தது. நிழல் மேட்டுக்காரர்கள் குதித்தார்கள், கிராம்பாக்காரர்கள் விசிலடித்தார்கள். வெயில் மேட்டுக் கூட்டத்தில் யாரோ, "மேல கயிறு யார் கையிலன்னு தெரியுமா? புர்கி கையில!" என்றார்கள். சொல்லவா வேண்டும்!

"புர்கி திருப்பிட்டா!"

"பழி தீத்துட்டா பாரு கடைக்காரி!"

புர்கிக்குச் சுருக்கென்றது. உள்ளங்கை எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. சுரூபத்தை ஹியாஸ் ஓரமாக இழுத்து நிறுத்தினானோ இல்லையோ, அவள் குப்புறப் படுத்துத் தலையை ஓட்டைக்குள் விட்டாள். கீழே பார்த்தவர்களுக்கு, சுற்றிலும் தீட்டியிருந்த சம்மனசுகளுக்கு நடுவில் சிவந்து வியர்த்த புதுச் சம்மனசு ஒன்று தெரிந்தது.

"நான் திருப்பல!" என்று கத்தினாள். "கிராம்பாக் பக்கம் திருப்பத்தான் பாத்தேன்! முடியல!"

"அடிப் பாவி!" என்று கிராம்பாக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல் கீச்சென்று மேலே வந்தது. அண்ணி தெக்லா, பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் இதையேதானே சொன்னார்! நீ நம்பினியா?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. சாமியார்கூடப் பாட்டை நிறுத்திவிட்டார். அத்தனை முகமும் ஓட்டையைப் பார்த்தது. மோர்ஸ்டெட்டன் சரித்திரத்தில் அவள் பதில் இல்லாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். பின்னால் சக்கரத்தின் பக்கத்தில் ஒருத்தன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கயிற்றை யாராலும் திருப்ப முடியாது. அது அவளுக்கு இப்போது கையால் தெரியும். அவனுக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும், 'நான் திருப்பல' என்கிற ரெண்டு வார்த்தையைத் தவிர அவனிடம் வேறு சாட்சி இருக்கவில்லை.

புர்கி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எங்கண்ணனும் திருப்பல!"

வளைவுக் கூரை அதை வாங்கி நாலு பக்கமும் வீசியது. போதாது என்று அவளுக்கு நினைப்பு, இன்னொரு தடவை கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! எங்கண்ணன் அன்னிக்குத் திருப்பல! நான்தான் வாய்க்கு வந்தபடி பேசினேன்!"

கண்ணீர் மூக்கு நுனியில் வழிந்து, நேரே கீழே நின்ற சாமியார் மேல் சொட்டியது. பின்னால் யாரோ அவளுடைய கவுனைப் பிடித்து இழுத்தார்கள்.

"போதும்டி, விழுந்துடப் போற" என்றான் கிடி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு. "கூடையை எடு. பிள்ளைங்க காத்துட்டிருக்கு."

ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக் கூடையைச் சாய்த்தார்கள். கொட்டையும் பூவும் அப்பமும் மழையாகக் கொட்ட, கீழே குடைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. புர்கி சிரித்துக்கொண்டே அழுதாளா, அழுதுகொண்டே சிரித்தாளா என்று ஹியாஸை இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை வெயில் மேட்டுக்காரர்கள் கோயில் தரையைத் தேய்த்தார்கள். நிழல் மேட்டுக்காரர்கள் பியரோடு வாசலில் நின்று, "அந்த மூலையில அழுக்கு இருக்கு பாரு!" என்று உத்தரவு போட்டார்கள். அப்போது புர்கி சொந்த வாளியும் சொந்த பிரஷுமாக உள்ளே வந்தாள்.

"ஏ புர்கி, நீ நம்ம பக்கம்! வெளிய வா, பியர் இருக்கு!"

"உங்க பியர நீங்களே குடிங்க. எங்கண்ணன் வீட்டுல ஆள் கொறச்சல்" என்று சொல்லிவிட்டுத் தெக்லாவுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டாள். தெக்லா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டே, "திங்கக்கிழமை கடை உண்டா?" என்றாள்.

"உண்டு அண்ணி."

"நல்லதாப் போச்சு. கிராம்பாக் சாசேஜ் தின்னு எங்க வயிறே கெட்டுப்போச்சு."

புர்கி தேய்த்துக்கொண்டே அண்ணன் இருந்த வரிசைக்கு நகர்ந்தாள். உள்ளங்கைக் காயத்தில் சோப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. நாலு கல் தேய்த்த பிறகுதான் கேட்க வாய் வந்தது.

"அண்ணா. அன்னிக்கு நீ சும்மாவா பிடிச்சிருந்த? இல்ல எந்தப் பக்கமாவது திருப்பப் பாத்தியா?"

கிடி பிரஷை வாளியில் முக்கினான்.

"கிராம்பாக் பக்கம்தான் திருப்பப் பாத்தேன். உங்க தோட்டத்துல அப்பத்தானே பிஞ்சு பிடிச்சிருந்துச்சு."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? திருப்பினது நீதானேன்னுதானே வந்த" என்றான் அவன். "தள்ளு, நீ தேய்ச்ச கல்லையே தேய்ச்சுட்டிருக்க."